முட்டைத் தட்டில் இரண்டு குப்பிகள்

டிசம்பர் இரண்டிலிருந்து சூரியன் இல்லை.
மூர்மன்ஸ்கில் அது செய்தியல்ல.
பேருந்துகள் விளக்கோடு ஓடுகின்றன.
துறைமுகக் கிரேன்களுக்கு
மணிதான் பகல் காட்டுகிறது.

சூரியன் போகும் முன்பே, அக்டோபரில்,
ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில்
இரண்டு குப்பிகளை நிறுத்திவிட்டார் வெனியமின்.
சுண்டுவிரல் உயரம்.
அடியில் அப்பிய வெள்ளைப் பொடி.
இரண்டிலும் ஒரே வாசகம்:
ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.
"அப்போ நாம யாரு?" என்றேன்.
"ஆய்வு" என்றார்.

மீன்பிடிக் கப்பலில் முப்பத்தோரு வருடம்
எஞ்சின் பார்த்தவர்.
எண்ணெயைக்கூட ஒப்பிட்டுத்தான் வாங்குவார்.
கட்டம் போட்ட நோட்டில்
நடுவே கோடு கிழித்து எழுதினார்.

இடப்பக்கம்: நான்கு அமினோ அமிலம்.
பீனியல் சுரப்பியின் வழி வந்த பெப்டைடு.
தூக்கம், ஆயுசு.
எலிகள் கூடக் கொஞ்சநாள் இருந்தனவாம்.
வலப்பக்கம்: இருபத்தெட்டு.
தைமஸின் வழி.
சளி, காய்ச்சல், எதிர்த்து நிற்கும் படை.
சில நாடுகளில் டாக்டரே எழுதித் தருகிறாராம்.
விலை மூன்று மடங்கு.
அடியில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக:
எழுபது தாண்டியவர்களில் போதிய தகவல் இல்லை.
அந்த வரி மட்டும் பென்சிலில் இருந்தது.

தைமஸ் என்றதும் என் கை குளிர்ந்தது.
வோலக்தா இறைச்சி ஆலையில்,
இருபத்திரண்டு வயதில்,
எனக்கு அந்த வேலைதான்.
கன்றின் கழுத்தடியில் விரல் விட்டு
இளஞ்சிவப்பாய் வழுக்கும் அதை
கிழியாமல் எடுத்து வாளியில் போடவேண்டும்.
லெனின்கிராட்டுக்குப் போகிறது என்றார்கள்.
எதற்கென்று சொல்லவில்லை.
கன்றுக்குத்தான் அது பெரிதாக இருக்கும்,
வளர வளரச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.
எங்களிடம் வந்தவை வளரவில்லை.
வாயில் பால் காயாத ஐந்து மாத ஆயுசுகள்
வாளி வாளியாய்.

"இப்போ கன்னுக்குட்டி எதுக்கு?
மெஷினே மணி கோக்குற மாதிரி கோத்துடும்."
இருக்கட்டும்.
வாளிப் பிடியின் தழும்பு
இன்னும் என் விரல்மடிப்பில் இருக்கிறது.

ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது.
நான்தான் ஊசி போட்டேன்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி,
மடிப்பைக் கிள்ளிப் பிடித்து.
நாற்பத்தாறு வருடத்தில்
அந்த வயிற்றை இவ்வளவு கவனமாய்ப் பார்த்ததில்லை.
கடல் ஆறு மாதம், கரை ஆறு வாரம்,
பார்க்க ஏது நேரம்.
ஊசி இறங்கும்போது அவர் வயிற்றை எக்குவார்,
நானும் என் வயிற்றை எக்குவேன்.

ஜனவரி இரண்டு. மின்சாரம் போய் வந்த இரவு.
உறைபனி உருகிச் சொட்டியிருந்தது.
லேபிள்கள் கழன்று
முட்டைகளில் ஒட்டிக் கிடந்தன.
ஒரு முட்டையின் மேல்: மனிதருக்கு அல்ல.

குப்பிகளை விளக்கடியில் தூக்கிப் பார்த்தோம்.
தண்ணீர். தண்ணீர்.
நீளவைப்பதும் காத்துநிற்பதும் ஒரே நிறம்.
முகர்ந்துகூடப் பார்த்தார் பாவம்,
டீசலை முகர்ந்தே கலப்படம் சொன்ன மூக்கு.
பிறகு நோட்டை எடுத்து,
நடுக்கோட்டின் மேலேயே எழுதினார்:
தூக்கம் ஆறரை மணி.
சளி இல்லை.
எதனால், தெரியாது.

லேபிள் ஒட்டிய முட்டையை
அவித்து நானே தின்றேன்.

மறுநாள் மாலை, வழக்கமான நேரம்,
சட்டையை நெஞ்சுக்கு மேல் சுருட்டிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
குப்பி எதையும் நான் எடுக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
மடிப்பைக் கிள்ளிப் பிடித்தேன்.
பிடித்தபடியே இருந்தேன்.
சூரியனுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.
"கை சில்லுனு இருக்கு, ரிம்மா" என்றார்.
நகரவில்லை.